ஆர்க்டிக் குளிரும் ஆற்காட்டு வெயிலும்: அத்தையோட சென்ட் பாட்டில் கேஸ்

முதல்லயே சொல்லிடறேன், நான் சென்ட் எக்ஸ்பர்ட் எல்லாம் கெடையாது. ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கெமிக்கல் லேப்ல இருபது வருஷமா குப்பை கொட்றேன். எண்ணெய், சாயம், பினிஷிங்னு வர்ற சாம்பிளை மோந்து பார்த்து, கையில தேச்சு பார்த்து, டைட்ரேஷன் போட்டு ரிப்போர்ட் எழுதறதுதான் பொழப்பு. வீட்டுல வந்த இந்த பஞ்சாயத்தையும் ஒரு கம்ப்ளெயின்ட் சாம்பிள் மாதிரியே எடுத்துகினு, அதே ரிப்போர்ட் பழக்கத்துல எழுதி வச்சிருக்கேன். நடுவுல குடும்பக் கதை வரும், பொறுத்துக்கோங்க.

கம்ப்ளெயின்ட் இன்னான்னா

கம்ப்ளெயின்ட் குடுத்தது எங்க அத்தை, நைனாவோட தங்கச்சி. வயசு 71, ரிட்டையர்டு டீச்சர், வேலூர் கொசப்பேட்டையில மாடி வீடு. 2025 மார்ச்ல அவங்க பொண்ணு வெளிநாட்டுலருந்து லீவுக்கு வரும்போது ஏர்போர்ட்ல ஷனேல் நம்பர் 5ங்கற பாரிஸ் சென்ட் பாட்டில் ஒன்னு வாங்கிட்டு வந்துச்சு, அம்மா கிட்ட இருக்குற பழைய பாட்டில் தீரப் போகுதேன்னு ஆசையா. அத்தை மணிக்கட்டுல ஒரு தடவை அடிச்சு மோந்து பார்த்தாங்க, மூஞ்சி சுருங்கிடுச்சு. "இன்னாடி இது, சோப்பு கட்டிய ஒடச்சு மூக்குல சொருவுன மாதிரி இருக்குது, உன்ன நல்லா ஏமாத்தி அனுப்பிட்டானுங்க." அந்தப் பொண்ணு பாவம், அதோட ஒரு மாச சம்பளத்துல ஒரு துண்டு போயிருக்கும் போல, ஏர்போர்ட்ல எப்படிம்மா டூப்ளிகேட் விப்பான்னு அழுவாத குறை. ரெண்டு பாட்டிலையும் ஒரு துணிப்பையில போட்டு என் கையில குடுத்து, நீதான லேப்ல இருக்க, ஒரிஜினலா இல்லயான்னு பார்த்து சொல்லுடான்னாங்க.

பழைய பாட்டிலோட பூர்வீகம் சொல்லணும். மாமா மேல்விஷாரத்துல ஒரு டேனரியில ஷிப்பிங் கிளார்க்கா இருந்தாரு. 1989ல அந்த முதலாளி பாரிஸ்ல நடந்த தோல் சந்தைக்குப் போயிட்டு வந்து, ஆபீஸ்ல இருக்குறவங்க வீட்டுக்கெல்லாம் தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு சாமான் குடுத்தாரு, மாமாவுக்கு இந்த பாட்டில். வட ஆற்காடு ஜில்லா ரெண்டா பிரிஞ்ச அதே வருஷம்னு மாமா எப்பவும் சேர்த்தே சொல்லுவாரு. 100 மில்லி, ஓ டி டாய்லெட்ங்கற வகை, ஸ்ப்ரே கெடையாது, கறுப்பு மூடிய திருகி தொறந்து விரல்ல ஊத்திக்கற டைப். இப்ப அடியில 12 மில்லி கிட்ட இருக்குது, கலர் நல்லா ஆறிப்போன டீ டிகாக்ஷன் மாதிரி. புதுசு 50 மில்லி, ஓ டி பார்ஃபம்ங்கற வகை, வெளிர் மஞ்சள், இளநீர் கொஞ்சம் மஞ்சளா இருந்தா எப்படி இருக்குமோ அப்படி.

ஆல்டிஹைடுன்னா எங்க ஊர்ல வேற

நம்பர் 5க்கு அந்த தனி வாசனைய குடுக்கறது ஆல்டிஹைடுங்கற கெமிக்கல் வகை. ஆனா எங்க தொழில்ல ஆல்டிஹைடுன்னு சொன்னா யாருக்கும் பூ ஞாபகம் வராது. குளூட்டரால்டிஹைட் டிரம் ஞாபகம் வரும், கண்ணு எரியும். குரோம் இல்லாம தோல் பதனிடறதுக்கு அதைத்தான் போடறாங்க, தோல்ல இருக்குற கொலாஜன் புரதத்தோட அமீன் பக்கத்த போய் புடிச்சுகினு ஒன்னோட ஒன்னு கட்டிப்போடும், தோல் அழுகாம நிக்கும், லேசா மஞ்சளும் ஆகும். இந்த மஞ்சள ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

சென்ட்ல போடற ஆல்டிஹைடு அதே குடும்பம்தான், ஆனா சாதுவான பங்காளி. பத்து, பதினொன்னு, பன்னெண்டு கார்பன் நீளமா ஒரு சங்கிலி, அதோட நுனியில ஆல்டிஹைட் குரூப். அதனால சி-10, சி-11, சி-12னு பேரு. (தொழில்ல சி-14, சி-16, சி-18னும் ஆல்டிஹைட் பேர்ல விக்கறாங்க, பீச், ஸ்ட்ராபெரி, தேங்கா வாசனை, அது மூணுமே ஆல்டிஹைட் கெடையாது, பேரு மட்டும் ஒட்டிகினு இருக்குது.) சி-10 ஆரஞ்சு தோல உரிச்சா கையில நிக்கற வாசனையில ஒரு பங்கு. மெழுகுவத்திய ஊதி அணைச்சதும் ஒரு புகை வருமே, அதுவும் இந்த ஜாதிதான். கொத்தமல்லி தழை வாசனையிலயும் இந்த குடும்பம் இருக்குது, இதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. சி-11ல அன்டிசிலெனிக்னு ஒரு வகை, அது எதுலருந்து வருதுன்னு படிச்சப்ப எனக்கு சிரிப்பு வந்துடுச்சு: விளக்கெண்ணெய். ஆமணக்கு எண்ணெய நல்லா சூடாக்கி ஒடச்சா கெடைக்கற ஒரு ஆசிட்லருந்துதான் அதை பண்றாங்க. பாரிஸ் சீமாட்டி கழுத்துல பூசினது நம்ம பாட்டி வயித்துக்கு குடுத்த எண்ணெயோட பேத்தி. சி-12ல லாரிக்னு ஒன்னு, தேங்கா எண்ணெயில பாதிக்கு கிட்ட இருக்குற லாரிக் ஆசிட்டோட நேரடி சொந்தம்.

இதை சென்ட்ல துணிஞ்சு போட்ட முதல் ஆளுங்கள்ல ராபர்ட் பியெனெமே ஒருத்தரு, 1912ல ஹுபிகான்ங்கற கம்பெனிக்கு கெல்க் ஃப்ளர்னு ஒன்னு பண்ணாரு, அர்த்தம் "கொஞ்சம் பூ", அவ்ளோதான். ஆனா ஊருக்கே தெரிஞ்சது 1921ல எர்னெஸ்ட் போ பண்ண நம்பர் 5தான். மனுஷன் மாஸ்கோவுல பொறந்தவரு, ரஷ்ய ராஜ குடும்பத்துக்கு சப்ளை பண்ண ராலே கம்பெனியில இருந்தாரு, புரட்சிக்கு அப்புறம் பிரான்ஸ் வந்தாரு. கோகோ ஷனேல் கிட்ட 1லருந்து 5, 20லருந்து 24னு நம்பர் போட்ட சாம்பிள் பாட்டிலுங்கள நீட்டுனாரு, அந்தம்மா அஞ்சாவத எடுத்தாங்க, பேரும் அதுவே ஆயிடுச்சு. எங்க லேப்ல கஸ்டமர் "ட்ரையல் 5 ஓகே"ன்னு எழுதி அனுப்பறதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல.

அந்த வாசனை எங்கருந்து வந்துச்சுன்னு எர்னெஸ்ட் போ பின்னாடி சொல்லியிருக்காரு. போர் சமயத்துல ஆர்க்டிக் வட்டத்துக்கு மேல, ராத்திரியிலயும் சூரியன் மறையாத எடத்துல போஸ்டிங், அங்க ஏரியும் ஆறும் விட்ட ஒரு ஜில்லுன்னு வாசனைய புடிக்கத்தான் ஆல்டிஹைட போட்டேன்னாரு. நல்லா கவனிங்க, ஆர்க்டிக். இந்த பாட்டில் வந்து சேர்ந்தது ஆற்காடு. ஒரு எழுத்து தள்ளி போஸ்டிங் போட்டுட்டானுங்க.

இன்னொன்னு, பிரான்ஸ்ல இந்த சென்ட்டுக்கு மல்லிப்பூ வர்ற கிராஸ்ங்கற ஊரு ஆதியில சென்ட் ஊரே கெடையாது, டேனரி ஊரு. தோல் நாத்தம் தாங்காம கையுறைக்கு வாசனை ஏத்தி வித்தானுங்க, போகப் போக தோல் போச்சு, வாசனை நின்னுச்சு. நம்ம பாலாத்தங்கரையில தோல் மட்டும்தான் நின்னுச்சு. மாமா இதை கேட்டுட்டு ஒரு அஞ்சு நிமிஷம் பேசவே இல்ல.

மோந்து பார்த்தது

லேப்ல இருக்குற ஃபில்டர் பேப்பர விரல் அகலத்துக்கு கத்தரிச்சு, பின்பக்கம் பென்சில்ல குறி போட்டேன். பேனாவுல போட்டா இங்க் வாசனை வரும். நுனிய மட்டும் நனைச்சு, ஜன்னல் தொறந்த ரூம்ல ஃபேன் இல்லாம ஒக்காந்தேன்.

புதுசு தொட்டதும் பளிச்னு ஒரு வெளிச்சம் மாதிரி அடிக்குது. வெள்ள வேட்டிய நீலம் போட்டு, கஞ்சி போட்டு, இஸ்திரி சூட்டோட மூஞ்சிகிட்ட கொண்டாந்தா எப்படி இருக்கும், அதுல ஒரு எலுமிச்ச தோலும் ஊதி அணைச்ச மெழுகுவத்தியும் சேர்த்துக்கோங்க. சோப்புன்னு அத்தை சொன்னது தப்பே இல்ல, ஆனா நடந்தது தலைகீழ். இந்த சென்ட் ஹிட் ஆனதுக்கு அப்புறம் குளியல் சோப்பு பண்றவனெல்லாம் அதே சாயல்ல வாசனை போட ஆரம்பிச்சான், அதனால சென்ட் சோப்பு மாதிரி இல்ல, சோப்புதான் இத்தனை வருஷமா அந்த சென்ட் மாதிரி இருந்திருக்குது. பத்து பதினஞ்சு நிமிஷத்துல அந்த பளிச் எறங்கி, உள்ளருந்து மல்லி, ரோஜா, கூடவே இலாங் இலாங் பூவோட ஒரு வாழப்பழ நெடி எல்லாம் ஒன்னா குழைஞ்சு வருது, எது எந்த பூன்னு பிரிக்க முடியல, பிரிக்க கூடாதுன்னுதான் பண்ணி வச்சிருக்கான். நாலு மணி நேரம் கழிச்சு சந்தனம், வெனிலா, வெட்டிவேர். வெட்டிவேர்ங்கற வார்த்தைய அவன் வெட்டிவேர்னேதான் எழுதறான், தமிழ்லருந்து எடுத்துகினு போனது, அதுக்கு மட்டும் எனக்கு ஒரு சின்ன பெருமை.

பழசு வேற ஜென்மம். தொட்ட உடனே ஒரு ரெண்டு செகண்டு சிக்கு வாடை, பழைய நல்லெண்ணெய் டப்பா மூடிய தொறந்த மாதிரி. அது போனதும் நேரா சந்தனம், வெனிலா, ஒரு கனமான இனிப்பு, வாடுன மல்லிச்சரத்த தலையிலருந்து எடுத்து தலகாணி பக்கத்துல வச்சிட்டு காலையில எழுந்தா வருமே அந்த வாசனை. பளிச்சுங்கறதே இல்ல. எறங்கறதும் ஏறறதும் இல்ல, ஆரம்பத்துல எப்படியோ கடைசி வரைக்கும் அப்படியே. மறுநாள் காலையில ரெண்டு பேப்பரையும் பக்கத்துல வச்சு பார்த்தேன். அப்பதான் எனக்கு பொறி தட்டுச்சு: அடியில தங்குன வாசனை ரெண்டுலயும் அண்ணன் தம்பி. மேல்பக்கம், அதாவது தொட்டதும் முதல்ல வர்ற வாசனைதான் வேற. டூப்ளிகேட்டா இருந்தா மேல்பக்கம் ஒத்துப்போகும், அடிப்பக்கம் கை விட்டுடும், ஏன்னா காசு பூரா அடியிலதான இருக்குது. இங்க நேரெதிர்.

இருந்தாலும் மனசு கேக்காம பஜார்ல பிளாட்பாரத்துல 350 ரூபாய்க்கு அதே பேர் போட்ட ஒன்னு வாங்கி அதையும் நனைச்சு பார்த்தேன். முதல்ல நெயில் பாலிஷ், அப்புறம் பபிள்கம், ஒரு மணி நேரத்துல வெறும் பேப்பர். புது பாட்டில்ல பெட்டிக்கு அடியில இருக்குற நாலு எழுத்து பேட்ச் கோடும் பாட்டில்ல இருக்குறதும் ஒன்னாத்தான் இருந்துச்சு, பில்லும் இருந்துச்சு. டூப்ளிகேட் சந்தேகத்த அதோட மூடிட்டேன்.

அப்ப இன்னாதான் ஆச்சு

முதல் விஷயம், ரெண்டு பாட்டில்லயும் பேரு ஒன்னு, சரக்கு ஒன்னு கெடையாது. தண்ணி அதிகமா கலந்தா ஓ டி டாய்லெட், கொறைச்சு கலந்தா ஓ டி பார்ஃபம்னு நானும் நெனச்சுகினு இருந்தேன், சாராயக்கட கணக்கு மாதிரி. அப்படி இல்ல. நம்பர் 5 ஓ டி பார்ஃபம 1986ல ஜாக் போல்ஜ்னு அங்க இருந்த மாஸ்டர் தனியா கட்டுனாரு, டாய்லெட் பழைய வழி. ரெண்டும் புதுசா இருக்கும்போதே கொஞ்சம் வேற மாதிரிதான் இருக்கும். ஆனா ஒருத்தி மூஞ்சி சுருக்கற அளவுக்கு வேற கெடையாது, அதனால இது காரணத்துல ஒரு கால்வாசி.

அடுத்தது, சென்ட்ட பத்தி பேசற எவனும் ஆசையா சொல்ற காரணம், ஃபார்முலாவ மாத்திட்டானுங்கங்கறது. அதுல பொய் இல்ல. அலர்ஜி, தோல் வியாதின்னு ஐரோப்பாவுல ஒவ்வொரு சரக்கா தடை பண்ணிகினே வர்றான், நைட்ரோ மஸ்க்ங்கற பழைய செயற்கை கஸ்தூரியில சிலது போச்சு, ஓக்மாஸ் பாசியில இருக்குற ரெண்டு சாமான், லைரால்ங்கற செயற்கை பூ வாசனை இதெல்லாம் 2021ல கடையிலயே இருக்கக்கூடாதுன்னாச்சு, லிலியால் 2022 மார்ச்ல போச்சு (லைரால், லிலியால் ரெண்டுமே ஆல்டிஹைட்தான், அது தனி கூத்து). எல்லா பழைய சென்ட்டும் ஏதோ ஒரு வகையில இதுக்காக வளைஞ்சு குடுத்திருக்குது. ஆனா நம்ம கேஸ்ல அத்தையோட புகார் "அது கொறையுது, இது கொறையுது"ன்னு இல்ல. "வேண்டாதது ஒன்னு அதிகமா இருக்குது"ங்கறதுதான். சோப்பு அதிகமா இருக்குது. தடை பண்ணி எடுத்ததால எப்படி ஒன்னு அதிகமாகும்? இங்கதான் நான் பழைய பாட்டில் பக்கம் திரும்பினேன்.

அந்த பாட்டில் 36 வருஷம் எங்க இருந்துச்சு? மாடி ரூம்ல, மேற்கு பாத்த ஜன்னலுக்கு எதிர்ல, இரும்பு பீரோ மேல. மேல காங்கிரீட் தளம். வேலூர் வெயில் தெரியாதவங்களுக்கு ஒன்னும் சொல்ல முடியாது, மே மாசம் 42 டிகிரி அடிச்சா "இன்னிக்கு பரவால்ல"ம்பாங்க, அந்த ரூம்ல ராத்திரி பன்னெண்டு மணிக்கும் பீரோ கதவ தொட்டா சுடும். திருகு மூடி வேற, ஒவ்வொரு தடவ தொறக்கும்போதும் புது காத்து உள்ள போவும், பாட்டில் காலியாக காலியாக காத்துதான் அதிகம். சூடு, வெளிச்சம், காத்து. ஒரு ஆல்டிஹைடுக்கு எமன் மூணு பேரு, மூணு பேரும் அந்த ரூம்ல குடியிருந்தாங்க.

காத்துல இருக்குற ஆக்சிஜன் பட்டா ஆல்டிஹைட் ஆசிட் ஆயிடும். சி-10 போய் கேப்ரிக் ஆசிட் ஆவும், லத்தீன்ல கேப்பர்னா ஆடு, அதுலருந்து வந்த பேரு. ஆட்டுத்தோல் குடோனுக்கு போயிருக்கற யாருக்கும் விளக்கம் தேவையில்ல. தொட்ட ரெண்டு செகண்டு வந்துச்சே சிக்கு வாடை, அதுதான் அங்க மேல்பக்கம் செத்துப் போன எடம். கலர் டிகாக்ஷன் ஆனதுக்கும் எனக்கு பழக்கமான காரணம் இருந்துச்சு: மல்லி, நாரத்தம்பூ எண்ணெயிலெல்லாம் மெத்தில் ஆந்த்ரானிலேட்னு ஒரு அமீன் கொஞ்சம் இருக்கும், ஆல்டிஹைட் அதை போய் புடிச்சுகினு ஷிஃப் பேஸ்னு ஒன்னு ஆவும், மஞ்சள், அப்புறம் பழுப்பு. குளூட்டரால்டிஹைட் போட்ட தோல் மஞ்சளாவுதுன்னு சொன்னேனே, அதே கைங்கரியம். வெனிலாவும் தன் பங்குக்கு கறுக்க வைக்கும். இதுக்கு நடுவுல ஸ்பிரிட் கொஞ்சம் கொஞ்சமா பறந்து போயி, சீக்கிரம் ஆவியாகாத சந்தனம், மஸ்க், வெனிலா எல்லாம் அடியில கெட்டியா நின்னுபோச்சு. பாயசம் சுண்டுன மாதிரி.

லேப்ல ஷிஃப் ரியேஜென்ட் போட்டு ரெண்டுலயும் ஆல்டிஹைட் எவ்ளோன்னு கலர் பார்க்கலாமான்னு யோசிச்சேன், விட்டுட்டேன், ஏன்னா மல்லி வாசனை சரக்குலயே வேற வகை ஆல்டிஹைட் ஏகப்பட்டது இருக்கும், ரெண்டுமே ஊதா கலராத்தான் வரும், அதை வச்சு ஒன்னும் சொல்ல முடியாது. கேஸ் குரோமட்டோகிராஃபி (கலவைய ஆவியாக்கி தனித்தனியா பிரிச்சு காட்டற டெஸ்ட்) பண்ணா நூல் புடிச்ச மாதிரி தெரியும், அத்தையோட சென்ட்டுக்காக யாரு கம்பெனி மிஷின ஓட்ட விடுவான்.

வெயிலே ஓவன்

கத்திரி மே 4ல ஆரம்பிச்சு 28 வரைக்கும். புது பாட்டில்லருந்து 5 மில்லிய 15 மில்லி கண்ணாடி சீசாவுல எடுத்து, மூணுல ரெண்டு பங்கு காத்தோட மூடி, எங்க வீட்டு மொட்டை மாடியில தண்ணி டேங்க் ஓரமா வச்சேன். ஸ்பிரிட்ட லேப் ஓவன்ல வச்சா வேலையே போயிடும், வேலூர்ல எதுக்கு ஓவன். தினம் சாயங்காலம் ஒரு தடவ மூடிய தொறந்து மூடறது. என் பொண்டாட்டி வடாம் காய வச்ச எடத்துக்கு பக்கத்துல இது இருந்ததால வடாம்லயும் ஷனேல் வாசனை வருதுன்னு ஒரு சண்டை, அதை ரிப்போர்ட்ல சேர்க்கல.

பத்தாம் நாள் கலர்ல மாற்றம் கண்ணுக்கு தெரிஞ்சுது. இருபத்தஞ்சாம் நாள் தேன் கலர். பேப்பர்ல நனைச்சா அந்த பளிச் பாதிக்கு மேல காணோம், மெழுகு மாதிரி ஒரு மந்தம் மேல, உடனே பூவும் வெனிலாவும் எட்டிப் பாக்குது. பழசு அளவுக்கு போகல, ஆனா அந்த ரோட்டுலதான் போயிகினு இருந்துச்சு.

நடுவுல ஒரு நாள் சாப்பாடு. ஆம்பூர்லருந்து பிரியாணி வாங்கிட்டு போயிருந்தேன். அத்தை வழக்கம் போல தட்டுல இருந்த கொத்தமல்லி தழைய ஒன்னொன்னா பொறுக்கி ஓரமா வச்சாங்க. சின்ன வயசுலருந்து பாக்கறேன், ரசத்துல கூட போட விட மாட்டாங்க, ஏன்னு இதுவரைக்கும் கேட்டதே இல்ல. கேட்டேன். "சோப்பு நாத்தம்டா அது." எனக்கு கையில இருந்த எலும்பு கீழ விழுந்துடுச்சு. கொத்தமல்லி சிலருக்கு சோப்பா தெரியறதுக்கு ஆல்டிஹைட்ட புடிக்கற ஒரு மூக்கு ஜீன் காரணமா இருக்கலாம்னு 2012ல ஒரு ஆராய்ச்சி வந்திருக்குது. ஒரு அத்தைய வச்சு ஜீன் வரைக்கும் போறது ஓவர்தான், ஒத்துக்கறேன். ஆனா கேஸ் ஷீட்டுல எழுதாம விட்டா அது என் தப்பு.

ஆனா ஒரு இடத்துல இடிச்சுது. ஆல்டிஹைட் புடிக்காத ஆளு 1989ல இந்த பாட்டில் புதுசா இருந்தப்ப எப்படி போட்டுகினாங்க? அப்ப அதுலயும் இதே சோப்பு இருந்திருக்கணுமே? அத்தை கிட்ட கேட்டா "அப்பல்லாம் நல்லா இருந்துச்சுடா, அது ஒரிஜினல்"னு ஒரே பாட்டு. காதுல பஞ்சு அத்தரோட ஈசி சேர்ல படுத்துகினு இருந்த மாமாதான் பேப்பர கீழ எறக்காமயே சொன்னாரு: "எங்க நல்லா இருந்துச்சு? முதலாளி குடுத்த அன்னிக்கு தொறந்து பார்த்துட்டு, மாதா கோயில் மெழுகுவத்தி அணைச்ச வாடை வருது, எனக்கு வேணாம்னு பீரோ மேல தூக்கி கடாசுன. அஞ்சாறு வருஷம் அதைத் தொட்டியா நீ? பெரியவ கல்யாணத்துக்குதான முதல் தடவ எடுத்த."

பெரியவ கல்யாணம் 1996. ஏழு கத்திரி.

அத்தை மொதல்ல ஒத்துக்கல. அப்புறம் "ஆமா, கல்யாணத்துக்கு பூ பத்தலன்னு எடுத்தேன், அன்னிக்குதான் நல்லா இருந்துச்சு"ன்னாங்க. அதாவது அவங்க முப்பது வருஷமா போட்டுகினு இருந்தது பாரிஸ்ல பண்ண சென்ட் இல்ல, கொசப்பேட்டை பீரோ மேல பழுத்த சென்ட். எர்னெஸ்ட் போ கஷ்டப்பட்டு சேர்த்த ஆர்க்டிக்க வெயில் தின்னு தீர்த்ததுக்கு அப்புறம்தான் அது அவங்களுக்கு புடிச்சுது.

கடைசி டெஸ்ட்

ஜூன் முதல் ஞாயித்துக்கிழமை, மூணு பேப்பர், பின்னாடி குறி, வரிசைய பக்கத்து வீட்டு பையன விட்டு கலைக்க சொன்னேன், எனக்கும் தெரியாது. ஒன்னு பழசு, ஒன்னு புதுசு, ஒன்னு மாடி. அத்தை குளிச்சிட்டு வந்து, பவுடர் கூட போடாம, பரீட்சை பேப்பர் திருத்தற மாதிரி கண்ணாடிய போட்டுகினு ஒக்காந்தாங்க. எதுக்கு கண்ணாடின்னு யாரும் கேக்கல.

புதுச உடனே தள்ளி வச்சாங்க, "அந்த சோப்பு". பழச கையில எடுத்ததும் "என்னோடது". மாடி பேப்பர ரொம்ப நேரம் வச்சுகினு இருந்தாங்க, ஆட்டி ஆட்டி மோந்தாங்க. "இது என்னோடதுதான், ஆனா புதுசா இருக்கும்போது." சீசா கதையே அவங்களுக்கு தெரியாது அப்ப. ஒரு வாரம் விட்டு மறுபடி வச்சப்ப புதுச சரியா தள்ளுனாங்க, ஆனா பழசையும் மாடியையும் மாத்தி சொல்லிட்டாங்க. ஒரு மூக்கு, ரெண்டு தடவ, அவ்ளோதான் டேட்டா, எங்க மேனேஜர் கிட்ட குடுத்தா தூக்கி போட்டுடுவாரு. எனக்கு போதும். ரிப்போர்ட்ல நான் எழுதுனது: புது சாம்பிள் ஒரிஜினல். பழைய சாம்பிளும் ஒரிஜினல், ஆனா மேல்பக்கம் கெட்டது. கம்ப்ளெயின்ட் உண்மை, காரணம் தப்பு. அத்தை பொண்ணுக்கு இதை வாட்ஸாப்ல அனுப்பி வச்சேன், அது முதல் வரிய மட்டும் படிச்சிட்டு அம்மாவுக்கு போன் போட்டு ஒரு மணி நேரம் சண்டை போட்டுச்சு.

பழைய பாட்டில்ல இருக்குற மிச்சத்த சின்ன சீசாவுல விளிம்பு வரைக்கும் ஊத்தி, காத்து எடமில்லாம மூடி, பீரோ அடித்தட்டுல பட்டுப்புடவைக்கு நடுவுல வைக்க சொன்னேன். இதைப் படிக்கற யாரு கிட்டயாவது அம்மா, பாட்டி காலத்து பாட்டில் இருந்தா நீங்களும் அதையே பண்ணுங்க, டிரெஸ்ஸிங் டேபிள்ல அழகுக்கு நிக்க வைக்காதீங்க, பாத்ரூம்ல வைக்கவே வைக்காதீங்க. புது பாட்டில என்ன பண்றதுன்னு கேட்டேன். பொண்ணு எடுத்துகினு போகட்டும்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன்.

"அத அப்படியே மாடிக்கு கொண்டு போடா"ன்னாங்க.

ஸ்ப்ரே பாட்டில் அத்தை, மூடிய தொறக்க முடியாது, காத்து அவ்ளோவா உள்ள போவாது, அவ்ளோ சீக்கிரம் ஆவாதுன்னேன். அதனால பத்து பத்து மில்லியா சீசாவுல அடிச்சு எறக்கி வைக்கறதா முடிவாச்சு. இப்ப ரெண்டு சீசா டேங்க் ஓரமா நிக்குது, மேல ஒரு மண் சட்டி கவுத்திருக்கேன், ஆடி காத்துக்கு. கத்திரி முடிஞ்சு போனதால வேலை மெதுவாத்தான் நடக்குது, நேத்து பார்த்தப்ப கலர் இன்னும் தேனுக்கு வரல.